மடித்து வைத்த பாறை

தங்கையைப் பற்றிப் பெருமை பேச அண்ணனுக்குக் காரணம் எதுவும் தேவைப்படாது. தரை பதிக்கப் போன வீட்டில் யாராவது பீரோவைத் திறந்து துணி எடுத்தால் போதும். கரணையைக் கீழே வைத்துவிட்டு, "என் தங்கச்சி மடிச்சா இதே தட்டுல இன்னொரு அடுக்கு வைக்கலாம்ங்க" என்பார். டைல்ஸ் ஒட்ட வந்த மனிதர் பீரோவுக்கு ஏன் யோசனை சொல்கிறார் என்று வீட்டுக்காரர்கள் விழிப்பார்கள். அதற்குள் அவர் மறுபடி குனிந்து வேலையில் இறங்கியிருப்பார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, கேட்பதும் கேட்காததும் அவர்கள் பாடு.

அவர் வேலையும் லேசுப்பட்டதல்ல. ஒரு அறையைப் பதித்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுப்பார். உள்ளே பச்சை நரம்பு ஓடும் பழைய கோலி. தரையின் நடுவில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை எடுப்பார். அது நின்ற இடத்தில் நின்றால்தான் கை கழுவுவார். ரசமட்டம் கூடச் சில சமயம் பொய் சொல்லும், கோலி பொய் சொல்லாது என்பது அவருடைய கட்சி.

அவர் மனைவி இறந்துபோன பிறகு, "ரெண்டு மாசம் இருந்துட்டுப் போறேண்ணா" என்று ஒரு பெட்டியோடு வந்தவள்தான் தங்கை. பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று. பிறகு அதற்குள் கம்பளிகள் போயின. போவதைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்து சோறு தின்னப் பிடிக்கவில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்படியே வருஷங்கள் மடிந்து மடிந்து அடுக்கில் ஏறிவிட்டன. நாற்பதைத் தாண்டிய அவளை அண்ணன் இன்னும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறார். சலவைக்கூடத்தில் அவளுக்கு 'மடிப்பக்கா' என்று பெயர்.

அங்கே அவளுக்கு மடிக்கும் அறையில் வேலை. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து படுக்கை விரிப்புகள் சுடச்சுட வந்து விழும். இரண்டிரண்டு பேராக நின்று மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. ஒரு உதறு உதறினால் நடுவில் காற்று புகுந்து விரிப்பு மேலெழும்பும். அது இறங்குவதற்குள் நீளவாக்கில் மடித்துவிட வேண்டும். பிறகு ஒருவர் நின்ற இடத்தில் நிற்பார், இன்னொருவர் தன் முனைகளோடு நடந்து வந்து அவர் கையில் கொடுப்பார். நிற்பவர் யார், நடப்பவர் யார் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வழக்கம். அது ஒருமுறை படிந்துவிட்டால் மாறாது. கரகரவென்று ஓடும் மின்விசிறிகளின் சத்தத்தில் பேசவும் முடியாது. கையும் காலும்தான் பேசிக்கொள்ளும்.

ஒரு நாள் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டே தங்கை சொன்னாள்: "அண்ணா, எங்கூட வேலை செய்யறவர் ஒருத்தர், என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேட்டிருக்கார்."

அண்ணன் குடித்த தண்ணீர் பாதியில் நின்றது.

"யாரு?"

"விரிப்புக்கு எதிர்முனை பிடிக்கிறவர்."

அன்று முதல் அந்த வீட்டில் அந்த மனிதருக்கு 'எதிர்முனை' என்று பெயராகிவிட்டது. நல்லவர், குடிப்பழக்கம் இல்லை, அம்மாவைக் கடைசி வரை தானே பார்த்துக்கொண்டவர் என்று தங்கை ஒவ்வொன்றாகச் சொன்னாள். குறை கண்டுபிடிக்க அண்ணன் எவ்வளவோ பார்த்தார். ஆள் சற்றுக் குட்டை என்பதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த மாதம் அவர் வேறு ஊர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துக்கு மேஸ்திரியாகப் போகிறாராம். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் போக வேண்டிய தூரம்.

"நீ என்ன சொன்னே?"

"பாறையைப் பார்த்துட்டு வந்து சொல்றேன்னு சொன்னேன்."

"எந்தப் பாறை?"

"காலண்டர் பாறை."

மடிக்கும் அறைச் சுவரில் என்றைக்கோ காலாவதியான ஒரு காலண்டர் தொங்குகிறது. தேதிகளைக் கிழித்து எறிந்துவிட்டார்கள், படத்தை மட்டும் எடுக்கவில்லை. கடலோரத்தில் ஒரு பாறை. நெட்டுக்குத்தாக நிற்காமல், யாரோ துணியை அடுக்கிப் பக்கவாட்டில் தள்ளிவிட்டது போல அலை அலையாக மடிந்து கிடக்கிற பாறை. நாள் முழுக்க அதற்கு நேர் எதிரே நின்று அவள் விரிப்பு மடிக்கிறாள். அது இந்த ஊரிலிருந்து கிளம்பினால் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய கரையில் இருக்கிறது என்பது அவளுக்குப் போன மாதம்தான் தெரிந்ததாம்.

"அவரையே கூட்டிட்டுப் போயிருக்கலாமே?" என்றார் அண்ணன், குரலில் முள் தெரியாமல் பார்த்துக்கொண்டு.

"அவர் வந்தா நான் பாறையைப் பார்க்க மாட்டேன். நீ வா."

தங்கை போய்விட்டால் அந்த இரண்டு அறையில் அண்ணனும் கோலிக்குண்டும்தான். கிளம்பும் நாளில் மழை பெய்யட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார். வானம் அவர் பேச்சைப் பாதி கேட்டது. மழையில்லை, மூடுபனி.

பஸ் கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. ஒரு மரக்கதவைத் தள்ளிக்கொண்டு போனால் புல்மேட்டின் விளிம்பை ஒட்டி நடைபாதை. ஆங்காங்கே கற்களில் மஞ்சள் வண்ணத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார்கள், அதுதான் வழி. கடல் எங்கே என்று தெரியவில்லை. கீழே எங்கேயோ தூங்குகிற மாடு மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. காற்று வீசி வீசி ஒரே பக்கமாகச் சாய்ந்துபோன புதர்கள், பனியிலிருந்து ஒவ்வொன்றாகத் தலையை நீட்டி, அவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே போயின.

தங்கை முன்னால் நடந்தாள். பனி ஒரு விரிப்பாக அவளுக்கும் அவருக்கும் நடுவில் வந்து தொங்கும். அவள் மறைவாள். விரிப்பு விலகும், அவள் சற்றுத் தள்ளி இருப்பாள். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தள்ளி இருப்பது போல அண்ணனுக்குத் தோன்றியது. புதிய பூட்ஸ் அவருக்குக் குதிகாலைக் கடித்தது. தரையில் மண்டியிட்டே காலம் போன மனிதர், இவ்வளவு நேரம் நிமிர்ந்து நடந்ததே இல்லை.

"பாப்பா! கொஞ்சம் நில்லு. பந்தயமா ஓடறே?"

"நீதான் ஊர்ந்து வர்றே. ஒவ்வொரு கல்லா தட்டிப் பார்த்துட்டு வர்றியா, டைல்ஸ் மாதிரி உள்ளே பொள்ளலா இருக்கான்னு?"

உண்மையில் அவர் தட்டித்தான் பார்த்துக்கொண்டு வந்தார். பிடிபட்டதில் சிரிப்பு வந்துவிட்டது.

மூச்சு வாங்க ஒரு கல்லில் உட்கார்ந்தபோது, அத்தனை நாளாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டார். "சத்தத்துல பேசக்கூட முடியாதுன்னே. அப்புறம் எப்படி, இது?"

தங்கை தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகிப் பார்த்தாள். பிறகு தனக்குள்ளேயே சிரித்தாள்.

"நான் காலண்டரைப் பார்த்து நிப்பேன்ல? அவர் எனக்கு நேர் எதிரே. அவர் முதுகுக்குப் பின்னாலதான் படம். சுடச்சுட விரிப்பு வந்துட்டே இருக்கும், எனக்கு அந்தப் பாறையைப் பார்த்தா ஒரு குளிர்ச்சி. பார்த்துச் சிரிச்சுட்டே மடிப்பேன். அவர் என்ன நினைச்சார்னா..."

"அவரைப் பார்த்துச் சிரிக்கிறேன்னு!"

"ஆமாண்ணா! வந்த புதுசுலேர்ந்து! பாவம், சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுட்டு வர ஆரம்பிச்சார். தலைக்கு எண்ணெய் வழிய வழிய. ஒரு நாள் டீ நேரத்துல கேட்டார், 'எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா, தினமும் சிரிக்கிறீங்களே'ன்னு. நான் சுவரைக் காட்டினேன். திரும்பிப் பார்த்தவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. அவர் பாட்டுக்குப் போய் உலர்த்தற மிஷின் பின்னாடி நின்னுட்டார்."

அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். எதிர்முனை மேல் முதன்முறையாக இரக்கம் வந்தது. "அப்புறம்?"

"அப்புறம் என்ன. மறுநாள்லேர்ந்து படத்தைப் பார்க்கலாம்னு நிமிர்ந்தா, நடுவுல அவர் மூஞ்சிதான் தெரியுது."

அண்ணனின் சிரிப்பு நின்றது. பனி மெல்ல அவர்கள் முழங்காலைச் சுற்றி நகர்ந்து போயிற்று. இவ்வளவு நேரமும் 'யாரோ ஒருவர் கேட்டார்' என்ற அளவில்தான் அவர் அதை வைத்திருந்தார். கேட்டவர் மட்டும் இல்லை, கேட்கப்பட்டவளும் அங்கே போய் நிற்கிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

இன்னும் கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மேட்டிலேயே சுற்றி மறுபடி பஸ் நிறுத்தத்துக்குப் போவது. இன்னொன்று படிப்படியாகக் கடலுக்கு இறங்குவது. தங்கை பின்னால் நின்று செருப்பிலிருந்து கல் எடுத்துக்கொண்டிருந்தாள். கீழிருந்து ஒரு வயதான தம்பதி மேலேறி வந்தார்கள், சண்டை போட்டுக்கொண்டே.

"பாறை பார்க்கவா? போகாதீங்க" என்றார் கிழவர். "ஒண்ணுமே தெரியல. காலை ஒடிச்சுக்கிட்டுப் போய்ப் பஞ்சு மூட்டையைப் பார்த்துட்டு வர்றோம்."

"முழுசாச் சொல்லுங்க" என்றாள் கிழவி. "அலை உள்வாங்கறப்ப பனியும் விலகிடும், காத்திருங்கன்னு அங்க மீன் பிடிக்கிறவர் சொன்னார். இவருக்குத்தான் பொறுமை இல்ல."

"எனக்கா பொறுமை இல்ல? உன்னோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவனுக்கா?"

இருவரும் சண்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு பனிக்குள் போனார்கள். தங்கை வந்து சேர்ந்தாள்.

"என்னண்ணா சொன்னாங்க?"

அண்ணன் மேட்டுப் பாதையைப் பார்த்தார். அது சமமாக, இதமாக, வீட்டைப் பார்த்துப் போயிற்று.

"கீழே ஒண்ணும் தெரியலையாம்" என்றார். "பஞ்சு மூட்டை மாதிரி இருக்காம்."

தங்கை கடல் இருக்கும் பக்கமாக முகத்தைத் திருப்பினாள். கோபமோ வருத்தமோ இல்லை. விரிப்பை உதறிவிட்டு அது இறங்கக் காத்திருப்பவள் போல நின்றாள்.

"அப்ப திரும்பிடலாமா? உனக்குக் கால் வேற வலிக்குது" என்றாள். "அவர்கிட்ட பார்க்கலைன்னு சொல்லிடறேன்."

பார்க்கவில்லை என்றால் பதிலும் இல்லை. அண்ணன் வேண்டிக்கொண்டது அப்படியே வாய்த்துவிட்டது. தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. ஆனால் அவள் 'உனக்குக் கால் வலிக்குது' என்றது எங்கேயோ போய்த் தைத்தது. ரெண்டு மாசம் என்று வந்தவளும் இப்படித்தான் தங்கிவிட்டாள். அவருக்குத் தனியாகத் தூக்கம் வரவில்லை, அவருக்குச் சமைக்கத் தெரியவில்லை, அவருக்குக் கால் வலிக்கிறது.

"அலை உள்வாங்கினா விலகுமாம்" என்றார் சட்டென்று. "அந்தம்மா சொன்னாங்க. காத்திருக்கணுமாம்."

தங்கை அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். படியில் இறங்க ஆரம்பித்தாள்.

கீழே கூழாங்கற்கள் பரவிய சின்னக் கரை. பழைய ஆஸ்பத்திரி விரிப்பு ஒன்றை, கிழிந்து ஓரம் தைத்தது, தங்கை கொண்டு வந்திருந்தாள். அதை விரித்து உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றார்கள். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தார்கள். சுற்றிலும் வெள்ளை. கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெள்ளை. அண்ணன் எப்போது கண்ணயர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. கனவில் அவர் ஒரு பெரிய அறைக்குத் தரை பதித்துக்கொண்டிருந்தார். சுவரே வரவில்லை. பதிக்கப் பதிக்க அறை நீண்டுகொண்டே போனது.

"அண்ணா. எழுந்திரு. வந்துடுச்சு."

கண்ணைத் திறந்தார். பனி கீழிருந்து மேலாகச் சுருண்டு எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால், இவ்வளவு நேரமும் கூடவே உட்கார்ந்திருந்தது போல, அவ்வளவு பக்கத்தில் அந்தப் பாறை இருந்தது.

படத்தில் பார்த்தது ஒன்றுமே இல்லை. ஆள் உயரத்துக்குப் பல மடங்கு மேலே, சாம்பலும் வெண்மையும் மாறி மாறி வந்த படலங்கள். தொடக்கத்தில் நூல் பிடித்தாற்போல நேராகத்தான் வந்தன. பிறகு என்ன நினைத்தனவோ, எல்லாம் சேர்ந்தாற்போல் மேலெழும்பி, வளைந்து, இறங்கி, ஒன்றன் மேல் ஒன்று சரிந்து, மறுபடி எழுந்தன. கல் என்றே சொல்ல முடியாது. உதறிய துணி காற்றில் நிற்கிற அந்த ஒரு கணம் அப்படியே கல்லாகிவிட்டது போல இருந்தது.

அண்ணன் கிட்டே போனார். வாழ்நாள் முழுக்க மட்டம் பார்த்த கை, தானாக நீண்டு ஒரு படலத்தைத் தடவியது. விரல்களால் இடைவெளியை அளந்தார். மேட்டிலும் அதே கனம், பள்ளத்திலும் அதே கனம். எவ்வளவு வளைந்தும் ஒன்று இன்னொன்றை விட்டு விலகவில்லை. ஒரு இடத்தில்கூட விரிசல் இல்லை.

"மட்டமே இல்ல" என்றார் மெதுவாக. "ஆனா குறை சொல்ல ஒரு இடம் இல்ல பாப்பா."

சட்டைப் பையிலிருந்து கோலியை எடுத்தார். இடுப்பு உயரத்தில் ஒரு படலம் திண்டு போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேட்டில் கோலியை வைத்து விரலை எடுத்தார். அது ஓடியது. பள்ளத்தில் இறங்கி, எதிர்மேட்டில் ஏறி, தயங்கி, திரும்பி, மறுபடி ஏறி, தொட்டிலாடுவது போல அங்கும் இங்கும் ஆடியது. பச்சை நரம்பில் வெயில் பட்டுப் பட்டு மின்னியது. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பள்ளத்தின் நடுவில் வந்து நின்றது. அதை யாரும் நிறுத்தவில்லை.

அலை மறுபடி கரையேறும் சத்தம் கேட்டது. அண்ணன் கோலியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "கிளம்பலாம்" என்று தங்கை விரிப்பைத் தூக்கி உதறினாள். ரொட்டித் துணுக்குகள் பறந்தன. அண்ணன் மறுமுனையைப் பிடித்தார். வீட்டு மொட்டை மாடியில் எத்தனையோ முறை இப்படிப் பிடித்திருக்கிறார். நீளவாக்கில் மடித்தார்கள். அவர் வழக்கம் போல நின்றார். மாடியில் எப்போதும் அவர் நிற்பார், தங்கைதான் நடந்து வந்து முனைகளைக் கொடுப்பாள்.

தங்கை வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நிறைவான சிரிப்பு. அண்ணனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை வருஷத்தில் தன்னைப் பார்த்து இவள் இப்படிச் சிரித்ததில்லையே என்று நினைத்தார்.

பிறகுதான் பொறி தட்டியது. பாறை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பாப்பா! என்னைப் பார்த்துச் சிரிக்கிறேன்னுல்ல நினைச்சேன்!"

தங்கை திடுக்கிட்டுக் கண்ணை இறக்கினாள். "ஐயோ, நான் வந்திருக்கணும்ல. வேலை நினைப்புல நின்னுட்டேன்."

"அங்க நீ நிப்பியா?"

"ஆமா. அங்க நான்தான் நிப்பேன்."

"அப்ப நடந்து வர்றது அவரா?"

"அவர்தான்."

"ஒவ்வொரு விரிப்புக்கும்?"

"ஒவ்வொரு விரிப்புக்கும்ணா. கால் வலிக்குமே, நான் வரேன்னு ஒரு தடவை சொன்னேன். 'நீங்க பாறையைப் பாருங்க'ன்னுட்டார்."

அண்ணன் விரிப்பின் முனைகளைப் பார்த்தார், தன் கைகளை, நடுவில் தொய்ந்திருந்த துணியை. பிறகு நடந்தார். கூழாங்கல் சறுக்கியது. பூட்ஸ் கடித்த குதிகாலோடு கொஞ்சம் நொண்டி, தங்கையிடம் போய், முனையோடு முனை சேர்த்து அவள் கையில் கொடுத்தார். குனிந்து மடிப்பை எடுத்தார், மறுபடி கொடுத்தார். கோணல்மாணலாகத்தான் வந்தது. தங்கை அதைச் சரிசெய்யாமல் அப்படியே பைக்குள் வைத்தாள்.

படியேறி மேலே வந்து, மூச்சு வாங்க நின்றார்கள். கடல் முழுசாகத் தெரிந்தது இப்போது.

"அவர்கிட்ட என்ன சொல்லப் போறே?"

"பாறை நல்லா இருந்துச்சுன்னு சொல்வேன். புரிஞ்சுப்பார்." பிறகு அண்ணனைப் பார்க்காமல் கேட்டாள்: "நீ எப்படிண்ணா இருப்பே?"

"நல்லா இருப்பேன். முட்டை அவிக்கத் தெரியும்ல?"

"முட்டையை மட்டும் எத்தனை நாள் தின்னுவே?"

"அதுக்குக் கோழி கவலைப்படட்டும். நீ சொல்லு, அந்த ஊர்ல அவருக்குக் கொடுக்கிற வீடு எப்படி? தரை என்ன தரை?"

"நான் எங்க பார்த்தேன்? சிமெண்ட்டுன்னு சொன்னார்."

"சிமெண்ட்டா." அண்ணன் முகத்தைச் சுளித்தார். சட்டைப் பையில் கைவிட்டுக் கோலியை எடுத்தார். இன்னும் பாறையின் சில்லிப்பு அதில் இருந்தது. தங்கையின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"போனதும் நடு அறையில வச்சுப் பாரு. உருண்டுச்சுன்னா உடனே போன் பண்ணு. ராத்திரி பஸ் பிடிச்சு வந்துடறேன். பூரா பேர்த்துட்டுப் பதிச்சுத் தர்றேன்."

தங்கை மூடிய கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "உருளலைன்னா?"

அண்ணன் மஞ்சள் கோட்டைத் தேடிக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்திருந்தார்.

"உருளலைன்னாலும் போன் பண்ணு" என்றார்.